சப்மாட்யூல் வரை செட்டிங் போக: வாசகர் கேள்விகள்

கே: கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் டூல்) குளோன் பண்ணும்போதே, அதாவது ரெப்போவை (கோட் களஞ்சியம்) நகலெடுக்கும்போதே, -சி (கமாண்டோடு செட்டிங் கொடுக்கும் குறி) போட்டு எஸ்எஸ்ஹெச் கீயை (சர்வருக்குள் நுழையும் சாவிக் கோப்பு) காட்டினேன். தாய் ரெப்போ இறங்கியது; அதற்குள் இருக்கும் இன்னொரு ரெப்போவான சப்மாட்யூல் மட்டும் 'பெர்மிஷன் டினைடு' என்கிறது.

ப: -சி-யை எந்த இடத்தில் போட்டீர்கள்? அதுதானே விஷயம், அதை எழுதவில்லை. 'குளோன்' என்ற சொல்லுக்குப் பின்னால் போட்டால் தாய் ரெப்போவின் கான்ஃபிக் (செட்டிங்) கோப்பில் போய் உட்காரும். சப்மாட்யூல் அந்தக் கோப்பைப் படிக்காது. 'கிட்'டுக்கும் 'குளோனு'க்கும் நடுவில் போடுங்கள், உள்ளே வரை போகும். ஆனால் எங்கும் சேமிக்காது, அடுத்த முறையும் கொடுக்க வேண்டும். 2016-க்கு முந்தைய கிட்டில் இதை நம்ப முடியாது. வெர்ஷன் எண்ணை எழுதிக் கேளுங்கள்.

கே: லோக்கல் ஃபோல்டரைச் சப்மாட்யூலாகச் சேர்த்தால் 'டிரான்ஸ்போர்ட் ஃபைல் நாட் அலவ்டு'. குளோபல் கான்ஃபிக்கில் (என் எல்லா ரெப்போவுக்கும் பொதுவானது) இதற்கு 'எப்போதும் அனுமதி' என்ற 'ஆல்வேஸ்' போடலாமா?

ப: கூடாது. யாரோ எழுதிய ரெப்போ உங்கள் டிஸ்க்கில் கை வைக்கக் கூடாது என்றுதான் 2022 அக்டோபரில் கிட் 2.38.1 அந்தக் கதவைச் சாத்தியது. அந்த ஒரு கமாண்டுக்கு மட்டும் -சி-யில் திறந்துவிடுங்கள்.

கே: பில்ட் சர்வருக்காக .கிட்மாட்யூல்ஸ் கோப்பில் (சப்மாட்யூல்களின் முகவரிப் பட்டியல்) யூஆர்எல்லிலேயே டோக்கன் (பாஸ்வேர்டு போன்ற ரகசியக் குறியீடு) வைத்திருக்கிறோம். பிரைவேட் ரெப்போதான். பரவாயில்லையா?

ப: இல்லவே இல்லை. இந்தக் கேள்வி வராத மாதமில்லை. அது கமிட்டாகும், அதாவது ரெப்போவிலேயே பதிவாகும் கோப்பு. குளோன் எடுத்த ஒவ்வொரு லேப்டாப்பிலும் டோக்கன் இருக்கிறது. வரியை அழித்தாலும் ஹிஸ்டரியில் கிடக்கும். நான் பார்த்த ஓரிடத்தில், வேலையை விட்டுப் போனவரின் பழைய குளோனில் இருந்த டோக்கன் மாதக்கணக்கில் உயிரோடு இருந்தது.

முதலில் டோக்கனை ரத்து செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. யூஆர்எல்லைச் சுத்தமாக்கி, எல்லா மெஷினிலும் 'சப்மாட்யூல் சிங்க்' கமாண்டை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் சப்மாட்யூலைத் தொடங்கும்போது 'இனிட்' கமாண்டு நகலெடுத்த பழைய யூஆர்எல் லோக்கல் கான்ஃபிக்கில் அப்படியே நிற்கும்.

புது டோக்கனை -சி-க்குப் பக்கத்தில் அடிக்காதீர்கள். அதே சர்வரில் 'பிஎஸ்' (ஓடும் கமாண்டுகளைக் காட்டுவது) ஓட்டுபவர் கண்ணில் படும். 2021-இல் கிட் 2.31-உடன் வந்த --கான்ஃபிக்-என்வ் இருக்கிறது: என்விரான்மென்ட் வேரியபிளின் பெயரை மட்டும் கொடுத்தால் போதும். 'எக்ஸ்ட்ராஹெடர்' (சர்வருக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையிலும் டோக்கனை ஒட்டும் செட்டிங்) போடுகிறவர்கள் ஹோஸ்ட் (சர்வர்) யூஆர்எல்லைச் சேர்த்தே எழுதுங்கள். வெறுமனே விட்டால், வேறு சர்வரில் இருக்கும் சப்மாட்யூலை இழுக்கும்போது உங்கள் டோக்கன் அந்தச் சர்வருக்கும் போகும்.

கே: ஆபீஸ் சப்மாட்யூலில் கமிட் போட்டால் என் சொந்த மெயில் ஐடி விழுகிறது.

ப: குளோபலில் 'இன்க்ளூட்இஃப் கிட்டிர்' (ரெப்போ இருக்கும் ஃபோல்டரைப் பார்த்து வேறு கான்ஃபிக் கோப்பைச் சேர்க்கும் செட்டிங்) போட்டு ஆபீஸ் ஃபோல்டரைக் காட்டுங்கள். கடைசியில் சாய்கோடு அவசியம். அது இருந்தால் உள்ளே இருக்கும் சப்மாட்யூல்களும் அடங்கும்.

கே: .கிட்மாட்யூல்ஸில் 'அப்டேட்' என்ற இடத்தில் ஆச்சரியக்குறி போட்டு ஸ்கிரிப்ட் எழுதினால் ஓட மறுக்கிறது. வெர்ஷன் பார்க்கவில்லை.

ப: கிட் 2.24.1 முதல் ஓடாது. உங்கள் வெர்ஷனைப் பாருங்கள்.