ஆசிரியர் பயிற்சி மாணவர்களின் விழுமியங்கள், இரைகொல்லி விலங்குகளை என்ன செய்யலாம் என்ற அவர்கள் கருத்தை எப்படித் தீர்மானிக்கின்றன? அதை எப்படி அளப்பது?

"சிறுத்தை பிடிக்குமா?" என்று கேட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. "ஆட்டை அடித்த சிறுத்தையை என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள், வகுப்பு இரண்டாகப் பிரியும்.

வனவிலங்கு விழுமிய ஆய்வுகளில் இரண்டு போக்குகளை அளப்பது வழக்கம். விலங்குகள் மனிதத் தேவைக்காகவே என்பது ஆதிக்கப் போக்கு. அவையும் நம்மோடு வாழும் உயிர்கள், அக்கறைக்கு உரியவை என்பது உறவுப் போக்கு. 1 முதல் 7 வரையிலான அளவுகோலில் இரண்டுக்கும் தனித்தனிச் சராசரி எடுத்து, 4.5ஐத் தாண்டினால் 'அதிகம்' என்று கொள்வார்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து ஒரே எண்ணாக்கிவிடுகிறார்கள். இரண்டிலும் அதிகம் பெறுபவர் சூழலைப் பார்த்துப் பதிலை மாற்றுவார். இரண்டிலும் குறைவாகப் பெறுபவருக்கு வனவிலங்கு ஒரு பொருட்டே இல்லை. கழித்தால் இருவருக்கும் பூஜ்யத்தை ஒட்டிய எண்தான் வரும்.

கருத்தை அளக்க 4 சூழல்கள் போதும்: காட்டோரம் தென்பட்டது, வீட்டருகே நடமாடுகிறது, கால்நடையைக் கொன்றது, மனிதரைத் தாக்கியது. ஒவ்வொன்றிலும் கண்காணிப்பது, விரட்டுவது, பிடித்து வேறிடத்தில் விடுவது, கொல்வது ஆகிய நான்கையும் எந்த அளவுக்கு ஏற்கலாம் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆக 16 விடைகள். 'ஒன்றைத் தேர்ந்தெடு' என்றால், கொல்வதை விரும்பாதவர்கள் இடமாற்றத்தில் போய் ஒதுங்கிக்கொள்வார்கள். விழுமியம் நன்றாகத் தெரிவது நடுச் சூழல்களில். மனிதரைத் தாக்கிய விலங்கு என்றதும் உறவுப் போக்கு உள்ளவர்களின் எதிர்ப்பும் தளரும். தாளில் பெயர் கேட்காதீர்கள். மதிப்பெண் போடுபவர் படிப்பார் என்று தெரிந்தால் எல்லோரும் இயற்கைக் காதலர்கள்தான்.

இடமாற்றத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். கருணையாகத் தோன்றுவதால் உறவுப் போக்கு உள்ளவர்களை அது எளிதில் கவரும். ஆனால் மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் சிறுத்தைகளைப் பிடித்து வேறிடங்களில் விட்ட 2001-2003 காலத்தில், மனிதர்மீதான தாக்குதல் ஆண்டுக்குச் சராசரி 4 என்றிருந்தது 17 ஆனது. புது இடத்தில் விட்ட சிறுத்தை பழகிய இடம் தேடி, அறியாத ஊர்களைக் கடந்து திரும்பப் பார்க்கும்; விட்ட இடத்திலோ ஏற்கெனவே வேறு சிறுத்தைகள் இருக்கும். இந்தத் தகவலைக் கேட்டு யாருடைய விழுமியமும் மாறாது. தேர்ந்தெடுக்கும் வழி மாறலாம், ஏனென்றால் 'நீ நினைப்பது தவறு' என்று அது யாரையும் சீண்டுவதில்லை.

இரு தரப்பும் பாடத்தில் விட்டுவிடுவது தொழுவத்தைத்தான். சிறுத்தை ஏறும், ஆகவே இரவுப் பட்டிக்குக் கூரை வேண்டும். ஓநாய் பெரும்பாலும் வேலிக்கு அடியில் தோண்டித்தான் நுழையப் பார்க்கும். மின்வேலியின் அடிக்கம்பி தரையிலிருந்து 20 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. கொல்வதா காப்பதா என்ற வாதம் சூடாக இருக்கும்போது கம்பி உயரத்தைப் பேச யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

கேள்வித்தாள் கொடுக்க நேரமில்லை என்றால் மாதிரிப் பாடக்குறிப்பை வாங்கி அடைமொழிகளை மட்டும் வட்டமிடுங்கள். முதல் தகவலுக்கு முன்பே 'கொடிய' வந்திருக்கிறதா, 'பாவம்' வந்திருக்கிறதா என்று பாருங்கள்.