கேட்டது நீங்கள்: பழைய ஓட்டல்களின் ருசி

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் சின்ன வயதில் சாப்பிட்ட இட்லி சாம்பார் ருசி இப்போது எங்கேயும் கிடைக்கவில்லை. என் நாக்கு மாறிவிட்டதா, ஓட்டல்கள் மாறிவிட்டனவா?
(வாசகர், மஞ்சக்குப்பம்)

பதில்: நாக்கைச் சந்தேகப்படாதீர்கள். அப்போது பல ஓட்டல்களில் ஃப்ரிட்ஜ் கிடையாது, ராத்திரி ஆட்டி வைத்த மாவு நம் கடலோரப் புழுக்கத்தில் விடிவதற்குள் பொங்கி நிற்கும், அன்றைக்கே விற்றுத் தீர்த்தாக வேண்டும். இன்று குளிரில் இரண்டு மூன்று நாள் கிடந்த மாவிலும் இட்லி ஊற்றுகிறார்கள், ருசி எப்படி வரும்? சாம்பாரும் அப்படித்தான். அண்டாவில் பருப்பு குழைந்து, பரங்கிக்காய் பாதி கரைந்து, விறகை இழுத்த பிறகும் தணலிலேயே மெல்லக் கொதித்துக்கொண்டிருக்கும், அந்த நேரம்தான் ருசி. அப்புறம் அந்த சப்ளையர்கள்! பொங்கல், பூரி, ரவா, ரோஸ்ட் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, கேட்காமலே வாளியைச் சாய்த்து இட்லியை மூழ்கடித்துவிட்டுப் போவார்கள். போதும் என்று கையால் மறைத்தாலும் விடமாட்டார்கள். எனக்கு அந்தத் தாராளம்தான் இன்னும் ஏக்கமாக இருக்கிறது.

கேள்வி: புதுச்சேரி நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் ஒரே காபியோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்போம். யாரும் எங்களை எழுப்பியதில்லை, ஏன்?
(வாசகி, நெல்லித்தோப்பு)

பதில்: எழுப்பச் சொல்ல அங்கே தனி முதலாளி இல்லையே! மத்திய அரசின் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது வேலை இழந்தவர்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணை நிற்க, கூட்டுறவுச் சங்கம் அமைத்து 1957 முதல் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். விசிறி வைத்த தலைப்பாகையோடு உங்களுக்குக் காபி கொண்டுவந்தவர் அந்த நிறுவனத்தில் பங்கு உள்ளவர். அதனால்தான் அந்த நிதானம் என்பது என் எண்ணம். மாணவர்களுக்கும் கையில் காசு குறைந்தவர்களுக்கும் ஊருக்கு நடுவில் உட்கார ஓர் இடம் கிடைத்தது பெரிய விஷயம்.

கேள்வி: பழைய ஓட்டல் டிகிரி காபி வீட்டில் வருமா?
(வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: வரும். புதிதாக அரைத்த தூள், முதல் டிகாஷன், தண்ணீர் கலக்காத பால். டிகாஷனை மட்டும் திரும்ப அடுப்பில் ஏற்றாதீர்கள், கசந்துவிடும்.