மாடித்தோட்டத்துக் கறிவேப்பிலை: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ரெண்டு வருஷச் செடி. கிளையே விடாம குச்சியா மேலே போகுது.

பதில்: நுனிக்குருத்து இருக்கும்வரை பக்க மொட்டுகள் கிளம்பாது. முழங்கால் உயரத்தில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். இனி சமையலுக்கு இலை இலையாக உருவாமல் கிளை நுனியாகவே கத்தரியுங்கள். தொட்டி 12 அங்குலம் என்றால் 18க்கு மாற்றுங்கள். முதலில் சாய்த்து அடித்துளையைப் பாருங்கள், வேர் அடைத்திருக்கும்.

கேள்வி: இலை மஞ்சளாகுது. மோர் ஊத்தலாமா?

பதில்: எந்த இலை மஞ்சள்? அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுதாக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. 50 கிராம் கடலைப் புண்ணாக்கை 1 லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றுங்கள். தண்ணீர் தேங்கினாலும் அடி இலை இப்படி ஆகும், அதனால் அடித்துளையைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து வேருக்கு எட்டவில்லை. அதற்கு மோர் போதாது.

கேள்வி: அது எப்படி? எங்க ஊர்ல காலங்காலமா புளிச்ச மோர்தான் ஊத்துறோம். தழைதழைன்னு வளருதே!

பதில்: உங்கள் செடி செம்மண் தரையில், நல்ல கிணற்றுத் தண்ணீரில் நிற்கிறது. அங்கே இரும்பு கிடைக்கும், மோர் கூடுதல் பலம். மாடித் தொட்டிக்குப் போவது போர்த் தண்ணீர். விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள். அந்தக் காரத்தன்மை மோரின் புளிப்பை முறித்துவிடும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

கேள்வி: அப்ப மோரே வேண்டாம்கறீங்களா?

பதில்: ஊற்றுங்கள். 1 டம்ளருக்கு 10 டம்ளர் தண்ணீர், வெண்ணெய் இல்லாமல், மாதம் இருமுறை. கெட்டியாக ஊற்றினால் மண்மேல் ஆடை படிந்து எறும்பு வரும். மருந்து வேறு: அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட். 1 லிட்டர் மழைநீரிலோ வடிகட்டிய நீரிலோ அரை எலுமிச்சையைப் பிழிந்து, பிறகு 5 கிராம் அன்னபேதியைக் கரையுங்கள். புளிப்பு இருந்தால்தான் இரும்பு படியாமல் கரைந்தே நிற்கும். உப்பு வெளிர்பச்சையாக இருக்கவேண்டும், பழுப்பேறியிருந்தால் வாங்காதீர்கள். மாலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள், 15 நாள் கழித்து இன்னொரு முறை. தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, சாக்கு விரியுங்கள். ஒரு வாரம் இலை பறிக்கவேண்டாம்.

கேள்வி: எனக்கும் இலை மஞ்சள்...

பதில்: மேலே உள்ள பதில்கள்தான். அடித்துளை!

கேள்வி: பறவை எச்சம் மாதிரி இலைமேல ஏதோ இருக்கு, நகருது.

பதில்: எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்தால் பச்சையாகும், தொட்டால் ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டும். சின்னச் செடியை மொட்டையாக்கிவிடும், கையால் எடுத்தாலே போதும். மருந்து அடிக்காதீர்கள், சாப்பிடும் இலை.

கேள்வி: ரோஜா பூக்கவே மாட்டேங்குது.

பதில்: இன்று கறிவேப்பிலை மட்டும்.

கேள்வி: மொத மழைக்கே மஞ்சளாயிடுச்சு, மோர்...

பதில்: துளை. பிறகுதான் மற்றது.

கேள்வி: பத்து நாள் ஊருக்குப் போறோம். செடி தாங்குமா?

பதில்: தாங்கும். முதல்நாள் அடியில் வடியும்வரை ஊற்றி, நிழலுக்கு நகர்த்தி, மண்மேல் இரண்டு அங்குலம் தேங்காய் நார் போடுங்கள். பக்கத்தில் தொட்டியைவிட உயரத்தில் ஒரு வாளித் தண்ணீர். நனைத்த பருத்தித் துணித்திரியின் ஒரு முனை வாளியின் அடிவரை, மறுமுனை மண்ணுக்குள் மூன்று அங்குலம். வாளியை மூடிவையுங்கள், கொசு முட்டையிடும். தட்டில் தண்ணீர் நிரப்பி அதில் தொட்டியை வைத்துவிட்டுப் போகாதீர்கள், வேர் அழுகிவிடும்.