பக்கவாதத்தில் அப்பா சுயநினைவு இழந்தால், அவர் கொடுத்த பவர் பத்திரம் செல்லுமா?

பொதுவாகச் செல்லாது. பவர் பத்திரம் என்பது "எனக்குப் பதிலாக நீ கையெழுத்துப் போடு" என்று ஒருவர் எழுதித் தரும் அதிகாரம். கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி அது முடிந்துவிடுகிறது. காரணம், இனி உங்களைத் தடுக்கவோ கணக்குக் கேட்கவோ அவரால் முடியாது. மேல்தொட்டி வற்றிவிட்டால் குழாயில் தண்ணீர் வராதல்லவா, அப்படித்தான்.

ஆஸ்பத்திரி பில் கட்ட மனையை விற்கப் போகும்போதுதான் பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது. பெரிய கொடுமை அது. பிறகு உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டு, பாதுகாவலராக நியமனம் வாங்க வேண்டும். அதனால் அப்பா தெளிவாக இருக்கும்போதே அம்மாவையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கும்படி வங்கிக் கணக்கை மாற்றிவிடுங்கள்.

"உயில்தான் இருக்கிறதே" என்று நினைக்க வேண்டாம். உயில் அவர் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும்.