மகனின் கால் எலும்பு பொருந்துமா?

அம்மா, மகனின் கால் போய்விடுமோ என்று பயந்து நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். மூன்று மாதமாகியும் எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு தெரிகிறது என்பதற்காகக் கால் போய்விடாது. பிளேட் (உலோகத் தகடு) வைத்த கீழ்க்கால் எலும்பு பொருந்த நாலு, ஆறு மாதம் பிடிப்பது வழமைதான். பொதுவாக 9 மாதமாகியும், அதில் கடைசி 3 மாதம் எக்ஸ்ரேயில் முன்னேற்றமே இல்லாவிட்டால்தான் பொருந்தாத முறிவு என்போம்.

ஸ்டெம் செல்லுக்கு (வேறு கலங்களாக மாறக்கூடிய மூலக்கலத்துக்கு) சக்தி போதாததால் எலும்பு வளரவில்லை என்று யூடியூப்பில் பார்த்தீர்களாம். அரைகுறைக் கதை. எலும்புக்குள் இருக்கும் மச்சையில் ஒட்சிசன் குறைவு. அங்குள்ள ஸ்டெம் செல் பெரும்பாலும் குளுக்கோசை ஒட்சிசனில்லாமல் உடைத்தே வாழும். ஒரு குளுக்கோசுக்கு 2 ஏ.டி.பி. சக்தி மூலக்கூறுகள்தான் மிஞ்சும். எலும்புக் கலமாக மாறும்போது கொலாஜன் என்ற புரதத்தை நிறையச் செய்யவேண்டும். அதனால் கலத்துக்குள் சக்தி தயாரிக்கும் இழைமணிகள் (மைட்டோகொண்ட்ரியா) பெருகி, ஒட்சிசனோடு எரித்து, அதே குளுக்கோசில் ஏறத்தாழ 30 எடுக்கும். அந்த ஒட்சிசனைக் கொண்டுவருவது இரத்தம். உங்களுக்குக் கனடாவிலிருந்து வந்த 'இழைமணிக் குளிசை' அந்த வேலையைச் செய்யாது. மகனின் சிகரெட்டோ இரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். சிகரெட்டை இன்றைக்கே நிற்பாட்டச் சொல்லுங்கள். ஸ்டெம் செல் ஊசிக்காகத் தோட்டக் காணியை ஈடு வைக்கும் யோசனையையும் விடுங்கள். மழைக்கு உளைவது, முருங்கையிலை கொடுக்கலாமா என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. கொடுங்கள்.

என்னைக் கவலைப்படுத்துவது கடிதத்தின் கடைசி வரி: தையல் போட்ட இடத்தில் ஒரு சின்ன ஓட்டை, இடைக்கிடை நீர் கசிகிறது, மருந்துக்கடையில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுத்தால் காய்ந்துவிடுகிறது. காய்வது தோல் மட்டும். மூன்று மாதத்துக்குப் பிறகும் கசிந்தால், கிருமி பிளேட்டிலோ எலும்பிலோ இருக்கிறதென்றே எடுத்துக்கொள்ளவேண்டும். உலோகத்தில் படலமாகப் படிந்த கிருமியை நாலு நாள் குளிசை அசைக்காது. அது இருக்கும்வரை எலும்பு பொருந்துவதும் கஷ்டம். போதாக்குறைக்கு, இப்படி விட்டுவிட்டுக் கொடுத்தால் பிறகு சோதனையில் எந்தக் கிருமி என்றே பிடிபடாமல் போகலாம். ஆரைக் கேட்டு வாங்கினீர்கள்?

அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் நாளைக்கே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்ரேக்கள், கொடுத்த குளிசைகளின் வெற்று அட்டைகள் எல்லாம் கையில் இருக்கட்டும். இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் உள்ளிருந்து எடுக்கும் மாதிரியும் பார்த்தபிறகே எந்த அன்டிபயோட்டிக், எத்தனை வாரம் என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். அதற்கிடையில் காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், அது இரவானாலும் விடியும்வரை பார்த்திருக்கவேண்டாம்.