பூஸ்ட் ஏற்றி எஞ்சின் போனது: பழைய மேப்புக்கு மாற்றிவிட்டு வாரண்டி கேட்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருக்கிறேன். வாரண்டியில் உள்ள என் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் காருக்கு, கோவையில் ஒரு டியூனர் ரூ.45,000 வாங்கிக்கொண்டு பூஸ்டை (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) 0.8 பாரிலிருந்து 1.3 பாருக்கு ஏற்றினார். "ஒண்ணும் ஆகாதுங்கண்ணா" என்றார். இரண்டே மாதத்தில் மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை. செலவு ரூ.3.8 லட்சம் ஆகுமாம். சொந்தக்காரர் சொன்ன ஆள் என்று நம்பினேன். இப்போது போனே எடுப்பதில்லை. கடைசியாகப் பேசியபோது, "பழைய மேப்பை ஏத்தித் தர்றேன், கம்பெனியில வாரண்டி கேளுங்க" என்றார். செய்யலாமா? வழக்குப் போடலாமா?

பதில்: சொந்தக்காரரையும் எடுக்காத போனையும் விடுங்கள். இசியுவில் (எஞ்சினை இயக்கும் கணினி) இப்போது எந்த மேப் (பூஸ்ட், எரிபொருள், டைமிங் அளவுகளைச் சொல்லும் மென்பொருள்) இருக்கிறது? டியூனர் ஏற்றியதே இருந்தால் உங்களுக்கு வழக்கு உண்டு.

அவர் சொன்னபடி மட்டும் செய்யாதீர்கள். மேப்பை எத்தனை முறை எழுதினார்கள் என்ற கணக்கு பல இசியுக்களில் பதிந்திருக்கும். சர்வீஸ் சென்டர் ஸ்கேனரில் அது தெரியும். மாட்டாவிட்டாலும், "மாற்றம் எதுவும் செய்யவில்லை" என்று வாரண்டி படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நாளை நுகர்வோர் ஆணையத்தில் டியூனரின் வக்கீல் நீட்டப்போவது அந்தப் படிவத்தைத்தான். ஒரே எஞ்சினுக்கு இரண்டு கதை சொன்னவர் இரண்டு இடத்திலும் தோற்பார். பொய் சொல்லிப் பணம் வாங்கினால் மோசடிப் புகாரும் வரலாம். வாரண்டியை மறந்துவிடுங்கள்.

அடுத்த ஆபத்து, அவசரப்பட்டு எஞ்சினைப் பிரிப்பது. முதலில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் இசியு மேப்பைப் படித்து நகல் எடுத்து, தேதியுடன் ரசீது வாங்குங்கள். பிறகு எஞ்சின் பிரிக்கும் நாளையும் இடத்தையும் குறிப்பிட்டு டியூனருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் வராவிட்டாலும் வீடியோ எடுத்துப் பிரியுங்கள். பிஸ்டன், ரிங், பிளக், இன்ஜெக்டர் எதையும் பழைய இரும்புக்குப் போடக்கூடாது.

பிஸ்டனில் ரிங் உட்காரும் வரப்பு உடைந்திருந்தால் பெரும்பாலும் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது): பூஸ்டுக்கு ஏற்ப இக்னிஷன் டைமிங்கை (பிளக் தீப்பொறி விடும் நேரம்) குறைக்கவில்லை, அல்லது பெட்ரோலின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) போதவில்லை. தலை உருகி ஓட்டை விழுந்திருந்தால், எரிபொருள் பற்றாமல் சூடேறியதா என்று இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும். "95 ஆக்டேன்தான் போடணும்" என்று டியூனர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்து நீங்கள் அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் ஊற்றியிருந்தால் பாதி வழக்கு போய்விட்டது. செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டிய வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தால் அதுவும் எதிராக வரும்.

நோட்டீஸிலேயே டியூனரின் லாக் கோப்புகளை (சோதனை ஓட்டத்தில் பதிந்த அளவுகள்) கேளுங்கள். முறையான டியூனர் முதலில் கம்ப்ரஷன் பார்ப்பார். 0.1 பார் வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, காற்று–எரிபொருள் விகிதம், உள்வரும் காற்றின் சூடு, நாக்கிங்குக்காக இசியு குறைக்கும் டைமிங் மூன்றையும் பதிவு செய்வார். ஒரே நாளில் 0.5 பார் ஏற்றிவிட்டு லாக் இல்லை என்றால், சேவைக் குறைபாட்டுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

உங்கள் பக்கமும் ஓட்டை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைக் காட்டி, வண்டியை மாற்றியமைத்ததே சட்டவிரோதம், அதற்கு நஷ்டஈடா என்று கேட்பார்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) கழற்றியிருந்தால் அதே சட்டத்தின் மாசு விதி மீறலுக்கான 190(2) பிரிவு உங்கள் மேலேயே பாயும். இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் இதே மேப்பில் ஓட்டி யார் மீதாவது மோதினால், கம்பெனி நஷ்டஈடு கொடுத்துவிட்டு அதை உங்களிடம் திருப்பிக் கேட்கப் பார்க்கும்.

அதனால் சமாதானமாகப் போவதே நல்லது. டியூனிங் கூலி ரூ.45,000 முழுதும், ரிப்பேரில் பாதியும் தருகிறேன் என்று டியூனர் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். தொகையும் தேதியும் எழுத்தில், இருவர் கையெழுத்தோடு இருக்கட்டும். மறுத்தால் இரண்டு வருடக் கெடுவுக்குள் ஆணையத்துக்குப் போகலாம். வாட்ஸ்அப் உரையாடல் உள்ள போனை அதுவரை மாற்றாதீர்கள். மேப்பின் நகலை எடுத்தபின் யாரும் இசியுவில் கேபிள் செருகவும் விடாதீர்கள்.