திரை பச்சையாக இருந்தால் கப்பல் நன்றாக இருக்கிறதா? – பராமரிப்பு மென்பொருள் கேள்வி பதில்

பல வருடம் இன்ஜின் ரூமில் இருந்துவிட்டு, இப்போது கரையில் உட்கார்ந்து சரக்குக் கப்பல்களின் பராமரிப்பைக் கவனிக்கிறேன். கப்பல் மென்பொருள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்த நிறுவனத்தின் மென்பொருள் வாங்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், பெயர் சொல்லப்போவதில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது பதில்களிலேயே வரும்.

பி.எம்.எஸ். (திட்டமிட்ட பராமரிப்பு முறை) என்பது கணினியில் போட்ட வேலைப் பட்டியல், அவ்வளவுதானே சார்? சட்டப்படி கட்டாயமா? – ஒரு கேடட்

அவ்வளவுதான் தம்பி. ஆனால் பட்டியல் பெரிது. ஒரு கப்பலில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எப்போது, யார், என்ன செய்ய வேண்டும், எந்த ஸ்பேர் வேண்டும் என்று பதிந்திருக்கும். ஜெனரேட்டர், பியூரிஃபையர் (எண்ணெயைச் சுத்திகரிக்கும் இயந்திரம்) போன்றவை ஓடிய மணிக்கணக்கில் வரும். லைஃப்போட், தீயணைப்பு சாதனங்கள் தேதிக்கணக்கில் வரும்.

சட்டம் கணினி கேட்கவில்லை. ஐ.எஸ்.எம். கோட் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு நிர்வாக விதி 1998 ஜூலை முதல் பயணிகள் கப்பல், டாங்கர், பல்க் கேரியர்களுக்கும், 2002 ஜூலை முதல் 500 டன்னுக்கு மேற்பட்ட மற்ற சரக்குக் கப்பல்களுக்கும் கட்டாயமானது. அதன் 10-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். முறையாகச் சோதிக்க வேண்டும், குறை கண்டால் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும், பதிவு வைக்க வேண்டும், திடீரென்று நின்றால் ஆபத்தாகும் கருவிகள் எவை என்று அடையாளம் காண வேண்டும், மாற்றுக்கு வைத்திருப்பவற்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறது. நோட்டுப் புத்தகத்தில் செய்ய முடிந்தால் செய்யலாம். முடியாது என்பதால்தான் மென்பொருள் வந்தது.

எங்களிடம் இரண்டே கப்பல். எக்செல் ஓடிக்கொண்டிருக்கிறது. எதற்கு வீண் செலவு? – சிறு கப்பல் உரிமையாளர்

இரண்டு கப்பலையும் விரல் நுனியில் வைத்திருக்கும் ஒரு சூப்பரின்டென்டன்ட் உங்களிடம் இருக்கிறார் என்று நினைக்கிறேன். அவர் இருக்கும்வரை எக்செல் போதும். அவர் வேலையை விட்டுப் போன மறுநாள்தான் எந்த ஃபைல் கடைசி ஃபைல் என்ற கேள்வி வரும். ஒரு கட்டத்துக்குள் எழுதியிருந்ததை யார், எப்போது மாற்றினார்கள் என்பதை எக்செல்லில் பிடிப்பது கஷ்டம். ஆடிட்டர் கேட்கும்போது அதுதான் உதைக்கும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. உங்கள் பராமரிப்பு முறையை கிளாஸ் (கப்பலைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) அங்கீகரித்துவிட்டால், இயந்திர சர்வேயில் சில பாகங்களை சீஃப் இன்ஜினியரே வழக்கமான ஓவர்ஹாலில் திறந்து பார்த்துப் பதிந்ததை, சர்வேயர் பிறகு சரிபார்த்து ஏற்றுக்கொள்வார். சர்வேக்காகவே நன்றாக ஓடும் இயந்திரத்தை இன்னொரு முறை பிரிக்கும் வேலை குறையும்.

ஒரு எச்சரிக்கை. லைசென்ஸ் விலையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் கப்பலின் பாகங்கள், வேலைகள், ஸ்பேர் எண்கள் எல்லாவற்றையும் மேனுவலிலிருந்து எடுத்துச் சரியாக ஏற்றுவதில்தான் பணமும் காலமும் போகும். "சகோதரக் கப்பலின் டேட்டாவை அப்படியே காப்பி செய்துவிடலாம்" என்று விற்பவர் சொன்னால் சந்தேகப்படுங்கள். ஒரே யார்டில் கட்டிய இரண்டு கப்பலிலும் பம்ப் ஒரே மாடலாக இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. வாங்கும் முன், ஒரு பியூரிஃபையரை மட்டும் உங்கள் ஆளே முழுக்க ஏற்றிப் பார்க்கட்டும். அரை நாளில் உண்மை தெரிந்துவிடும்.

ஓவர்டியூ (கெடு தாண்டிய வேலை) கொஞ்சம் ஏறினாலே ஆபீஸிலிருந்து மெயில் பறக்கிறது. அதனால் செய்யாத வேலையையும் 'முடிந்தது' என்று போட்டுவிடுகிறோம். எல்லாக் கப்பலிலும் இதுதானே சார் நடக்கிறது? – செகண்ட் இன்ஜினியர்

பல கப்பல்களில் நடக்கிறது. கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்க வேண்டாம். மாதக் கடைசி இரவில் ஒரு மணி நேரத்துக்குள் நாற்பது வேலை மூடப்பட்டிருக்கும். எல்லாவற்றிலும் "சோதித்தோம், நன்றாக உள்ளது" என்று ஒரே வாக்கியம். ஓவர்ஹால் முடிந்ததாகப் பதிவு இருக்கும், ஸ்டோரில் ஒரு ஓ-ரிங்கூடக் குறைந்திருக்காது. ஓய்வு நேரப் பதிவைத் திறந்தால், வேலை செய்ததாகச் சொன்ன ஃபிட்டர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரு நாளில் 26 மணி நேரம் ஓடிய ஜெனரேட்டரையும் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் குற்றம் முழுக்க உங்கள் தலையில் இல்லை. நீங்கள் பொய் எழுதும்படி அமைத்து வைத்தது ஆபீஸ். ஓவர்டியூ சதவீதத்தை மட்டும் வைத்து சீஃப் இன்ஜினியருக்கு மதிப்பெண் போட்டால், சதவீதம் குறையும். இயந்திரம் அப்படியேதான் இருக்கும். அதைவிட மோசம், அடுத்து ஏறும் இன்ஜினியர் அந்தப் பதிவை நம்பி வேலையைத் தள்ளிப்போடுவார். பதிவே இல்லாவிட்டால் திறந்து பார்த்திருப்பார். பொய்ப் பதிவு அவரைத் திறக்க விடாது.

நான் செய்யச் சொல்வது மூன்று. முதலில் பட்டியலைக் களையெடுங்கள். வாட்ச்சில் இருப்பவர் ஒவ்வொரு ரவுண்டிலும் பார்க்கும் விஷயத்துக்கு வாராந்திர ஜாப் எதற்கு? மேனுவலில் இருந்ததை யோசிக்காமல் ஏற்றியதால், ஒரே வேலை மூன்று பெயரில் இருக்கும். நின்றால் ஆபத்தாகும் கருவிகளைத் தொடாமல், மற்றவற்றில் தேவையில்லாததை நீக்கச் சொல்லி எழுதுங்கள். அடுத்து, தள்ளிப்போடும் வசதியைப் பயன்படுத்துங்கள். துறைமுகத்தில் நேரம் கிடைக்கவில்லை, ஸ்பேர் வரவில்லை, இந்தத் தேதிவரை தள்ளுகிறோம், அதுவரை இந்த அளவீட்டைக் கவனிக்கிறோம் என்று எழுதி ஒப்புதல் கேட்டால், பொறுப்பு ஆபீஸுக்கும் போய்ச் சேரும். எமர்ஜென்சி ஜெனரேட்டர், ஸ்டீரிங் கியர், ஃபயர் பம்ப் போன்றவற்றில் மட்டும் இந்தச் சலுகையை எளிதாகக் கேட்காதீர்கள்.

மூன்றாவது, மூடும்போது நாலு வார்த்தை உருப்படியாக எழுதுங்கள். "2-ஆம் கடல்நீர் பம்ப். சீல் மாற்றினோம். ஷாஃப்ட் ஸ்லீவில் கீறல் உள்ளது, அடுத்த முறை ஸ்லீவும் தேவை." இந்த ஒரு குறிப்பு அடுத்தவருக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும். டிக் அடித்த ஆயிரம் கட்டங்கள் அதைச் செய்யாது.

ஸ்பேர் விஷயத்தில் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா? – கொள்முதல் பிரிவு ஊழியர்

ஆகும், ஸ்டோரில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றாக இருந்தால். கப்பலில் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் எந்த இன்ஜினியரும் இன்னொன்று கேட்டுவிடுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்பேன். அப்படி ஒரே பாகம் மூன்று பெட்டியில் கிடக்கும், வேண்டிய கேஸ்கெட் இருக்காது. அதை விமானத்தில் அனுப்பி, கஸ்டம்ஸ் தாண்டி, படகு பிடித்துக் கப்பலில் ஏற்றுவதற்குள் பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். முழு ஸ்டோரையும் ஒரே மூச்சில் எண்ணச் சொல்லாதீர்கள், நடக்காது. நின்றால் ஆபத்தாகும் கருவிகளின் ஸ்பேரிலிருந்து தொடங்கி வாரம் ஓர் அலமாரி போதும்.

எரிபொருள் மென்பொருள் விற்பவர்கள் பெரிய பெரிய சதவீதம் சொல்கிறார்கள். எதை நம்புவது? – கப்பல் நிறுவனக் கணக்காளர்

சதவீதத்தை விடுங்கள், இயற்பியலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கப்பலுக்குத் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் சக்தி 27 சதவீதம் குறையும். பயண நேரம் கூடுவதால், அதே தூரத்துக்கு எரிபொருள் சுமார் 19 சதவீதம் குறையும். ஆகவே, போய்ச் சேர்ந்ததும் நங்கூரம் போட்டுக் காத்திருக்கப் போகிறோம் என்று தெரிந்தும் முழு வேகத்தில் ஓடுவதுதான் பெரிய வீண். துறைமுகத்தில் இடம் எப்போது காலியாகும் என்ற தகவல் கேப்டனுக்கு முன்கூட்டியே கிடைத்தால், வேறெந்த நுணுக்கத்தையும்விட அதில் மிச்சம் அதிகம். ஆனால் வாடகை ஒப்பந்தம் அதற்கு இடம் தர வேண்டும். அதை மென்பொருள் திருத்தாது.

அடுத்தது கப்பலின் அடிப்பகுதி. பாசியும் சிப்பியும் பிடித்தால் அதே வேகத்துக்கு அதிக எரிபொருள் போகும். எப்போது சுத்தம் செய்வது என்பதை இப்போது டேட்டாவை வைத்துச் சொல்ல முடியும். அதற்கான அளவீட்டு முறையை ஐ.எஸ்.ஓ. 19030 என்று 2016-இல் தரப்படுத்தினார்கள். ஷாஃப்டில் பவர் மீட்டர், எரிபொருள் குழாயில் ஃப்ளோ மீட்டர், தண்ணீரோடு ஒப்பிட்ட வேகம், காற்று ஆகியவற்றை சென்சாரே தொடர்ந்து பதிந்தால் போக்கு தெளிவாகத் தெரியும். நாளுக்கு ஒருமுறை கையால் எழுதும் நூன் ரிப்போர்ட்டை மட்டும் நம்பினால் நீரோட்டம், அலை, டிரிம் (கப்பல் முன்பக்கமோ பின்பக்கமோ தாழ்ந்திருக்கும் அளவு) எல்லாம் கலந்து குழம்பிவிடும். அந்த ரிப்போர்ட்டில் 'கைக்காவல்' எரிபொருளும் சேர்ந்திருக்கும். பின்னால் உதவும் என்று சீஃப் கொஞ்சம் கூட்டிக் காட்டி ஒளித்து வைப்பது பழைய பழக்கம். அதுவும் ஆபீஸின் கெடுபிடி பெற்ற பிள்ளைதான்.

கணக்காளராக உங்களுக்கு இன்னொன்று. 5000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் 2019 முதல் எரிபொருள் கணக்கை ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) முறைப்படி தருகின்றன. 2023 முதல் சி.ஐ.ஐ. என்ற கார்பன் தரம் ஏ முதல் இ வரை போடப்படுகிறது. ஒரு வருடம் இ, அல்லது தொடர்ந்து மூன்று வருடம் டி வந்தால் திருத்தத் திட்டம் தர வேண்டும். ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போகும் பெரிய கப்பல்கள் 2024-ஆம் ஆண்டின் புகையிலிருந்து கார்பனுக்குப் பணமும் கட்டுகின்றன. ஆக, தப்பான எண் இன்று நேராக உங்கள் லெட்ஜருக்கே வரும்.

செயற்கை நுண்ணறிவை வைத்து இன்ஜின் பழுதாவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? – ஒரு மென்பொருள் பொறியாளர்

சிலவற்றில் முடியும். பேரிங் தேய்மானம் அதிர்விலும், எண்ணெயில் கலந்த இரும்புத் துகளிலும் வாரக்கணக்கில் முன்பே தெரியும். சிலிண்டருக்குச் சிலிண்டர் அழுத்தத்தையும் எக்ஸாஸ்ட் வெப்பத்தையும் ஒப்பிட்டால் இன்ஜெக்டர் கோளாறு பிடிபடும். இதற்கெல்லாம் செயற்கை நுண்ணறிவுகூட வேண்டாம், ஒழுங்கான வரைபடம் போதும். மெதுவாகக் கெடும் எதையும் பிடிக்கலாம்.

உங்கள் துறைக்கு இருக்கும் சிக்கல், பாடம் கற்கப் போதுமான பழுதுகள் பதிவில் இல்லை என்பது. பெரிய பழுதுகள் அரிது. நடந்தவையும் "சரிசெய்யப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்திருக்கும். மேலே செகண்ட் இன்ஜினியரிடம் சொன்னதை நீங்களும் படியுங்கள், உங்கள் மாடலுக்கான தீனி அங்கிருந்துதான் வர வேண்டும்.

சென்சார் எட்டாத இடமும் உண்டு. 2024 மார்ச் 26 அன்று டாலி என்ற கன்டெய்னர் கப்பல் மின்சாரம் இழந்து பால்டிமோர் பாலத்தில் மோதியது, ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அமெரிக்க விசாரணை வாரியம் கண்டது, சரியாகச் செருகப்படாத ஒரு சிக்னல் வயரை. வயரின் பெயர்ப்பட்டை தடுத்ததால் அது முனையத்துக்குள் முழுதாகப் போகவில்லை. ஆயிரக்கணக்கான வயர்களில் அது ஒன்று. தளர்ந்த இணைப்பு சூடாவதைக் காட்டும் இன்ஃப்ராரெட் கேமராவைத் தூக்கிக்கொண்டு சுவிட்ச்போர்டுகளைச் சுற்றும் ஆளுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

பாதுகாப்புக்கு மென்பொருள் நேரடியாக என்ன செய்கிறது? அலாரம் ஏற்கெனவே இருக்கிறதே? – மூன்றாம் இன்ஜினியர்

அலாரம் இருக்கிறது, அதுதான் பிரச்சினையும். 2019 மார்ச் 23 அன்று நார்வே கடலோரத்தில் புயலில் வைகிங் ஸ்கை பயணிகள் கப்பலின் இன்ஜின்கள் நின்றன. 1,373 பேர் இருந்தார்கள். மசகு எண்ணெய் டாங்குகளில் அளவு குறைவு. கப்பல் ஆடியதும் பம்ப் காற்றை இழுத்தது, அழுத்தம் விழுந்தது, இன்ஜின்கள் தாமாக நின்றன. அன்று காலையிலேயே எண்ணெய் குறைவு என்ற அலாரம் திரும்பத் திரும்ப வந்து, ஒப்புக்கொள்ளப்பட்டு, மறைந்திருந்தது.

கப்பல் ஆடும்போது அலாரம் வந்து போவது நமக்குப் பழகிப்போன ஒன்று. மனிதன் பட்டனை அழுத்திவிடுவான். மென்பொருள் செய்ய வேண்டியது, அதே அலாரம் நாலு மணி நேரத்தில் பலமுறை வந்தால் தனியாகக் கொடி காட்டுவது. டாங்கின் அளவு வாரக்கணக்கில் எப்படி இறங்கியது என்று வரைந்து காட்டுவதும், மோசமான வானிலை வரும் முன் எந்த டாங்க் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற செக்லிஸ்ட்டில் உண்மையான அளவைக் கேட்பதும் அதோடு சேரும். "ஆம்/இல்லை" கேட்கும் செக்லிஸ்ட்டுக்குப் பதில் எப்போதும் "ஆம்"தான்.

காகிதத்திலும் எழுதுகிறோம், கணினியிலும் ஏற்றுகிறோம். வேலை இரட்டிப்பாகிவிட்டது. – கேப்டன் ஒருவர்

நியாயமான புகார் கேப்டன். 24 மணி நேரத்தில் 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு என்று விதி இருக்கிறது. டைப் அடிக்கும் நேரமும் வேலை நேரம்தான், யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புது மென்பொருள் வந்தால் எந்தப் பழைய படிவம் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மென்பொருள் யாருக்காக வந்தது என்பது விளங்கிவிடும்.

கரையிலிருந்தே கப்பல் கணினிக்குள் நுழைய முடிகிறது. வைரஸ் பயம் இல்லையா? – ஐ.டி. ஊழியர்

பயப்படுங்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியபோது மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு 25 முதல் 30 கோடி டாலர் இழப்பு. அது நுழைந்த வழி, ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட். 2021 முதல் சைபர் ஆபத்தையும் பாதுகாப்பு முறையில் சேர்க்க வேண்டும் என்று ஐ.எம்.ஓ. சொல்கிறது. நடைமுறையில், இன்ஜின் கட்டுப்பாட்டு வலையும் பராமரிப்புக் கணினியும் பிரிந்திருக்க வேண்டும். தகவல் வெளியே போகலாம், கட்டளை உள்ளே வரக்கூடாது. சர்வீஸ் இன்ஜினியர் நுழைய வேண்டுமென்றால் கப்பலில் ஒருவர் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மூட வேண்டும். அப்புறம், ஆபீஸர்கள் ஃபோன் சார்ஜ் போடும் யு.எஸ்.பி. துளைகளை அடைத்துவிடுங்கள்.

கப்பலை விற்றால், அல்லது நிர்வாகம் மாறினால், இந்த டேட்டா யாருக்கு? – உரிமையாளர்

ஒப்பந்தத்தில் எழுதியவருக்கு. பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. நிர்வாக நிறுவனம் மாறும்போது பழையவர் பி.டி.எஃப். கட்டு ஒன்றைத் தந்துவிட்டுப் போவார், புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுவார், பல வருட வரலாறு போய்விடும். கையெழுத்துப் போடும் முன்பே, பாகங்களின் அமைப்பு, ஓடிய மணிகள், வேலை வரலாறு, ஸ்பேர் இருப்பு ஆகிய நான்கையும் வேறு மென்பொருள் படிக்கக்கூடிய அட்டவணை வடிவில் தர வேண்டும், கூடுதல் கட்டணம் கூடாது என்று சேர்த்துவிடுங்கள். அப்படித் தந்ததை ஒருமுறை திறந்து பார்க்கவும் உரிமை கேளுங்கள்.